கழுவிப் போன சிவப்பு

காசநோய்க் கிருமிக்குச் சொந்தமாக நிறம் கிடையாது. அதைச் சிவப்பாக்கிக் காட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

கொட்டாஞ்சேனைப் பக்கம், துறைமுகத்துக் கிரேன்கள் ஜன்னலில் தெரிகிற தூரத்தில், ஒரு நெஞ்சு நோய்க் கிளினிக்கின் ஆய்வுகூடத்தில் இருக்கிறேன். வருபவர்களின் சளியைக் கண்ணாடி ஸ்லைடில் பூசிக் காயவைத்து, சாயம் போட்டு, நுணுக்குக்காட்டியில் பார்ப்பது வேலை. இந்தக் கிருமி மெழுகு மாதிரி ஒன்றைப் போர்த்திக்கொண்டிருக்கும். சாயம் லேசில் உள்ளே போகாது. அதனால் சிவப்புச் சாயத்தை ஊற்றி, கீழே சுடரைக் காட்டி, ஆவி எழும்வரை சூடாக்குகிறோம். உள்ளே போன சாயம் லேசில் வெளியேயும் வராது. அதனால் அமிலம் ஊற்றும்போது மற்றதெல்லாம் வெளுத்துப் போக, இது மட்டும் சிவப்பாக நிற்கும். கடைசியாக நீலச் சாயம். எல்லாம் ஒழுங்காக நடந்தால் நீலத்துக்கு நடுவே மெல்லிய சிவப்புக் குச்சிகள் தெரியும். ஒழுங்காக நடக்காவிட்டால் என்ன தெரியும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டைப் பூட்டிவிட்டுச் சந்திவரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவர்களே, கேஸ் அடுப்பை அணைத்ததற்குச் சாட்சியாக ஃபோனில் படம் எடுத்து வைத்திருப்பவர்களே, நானும் உங்கள் ஆள்தான். அதிலும் நான் அடுப்பை அணைத்த படத்தையே இரண்டு தடவை எடுக்கிறவள்.

மூன்று ப்ளஸ்

சேர்ந்து மூன்றாவது வாரம். சாயத்தைச் சூடாக்கும்போது ஆவி எழ வேண்டும், கொதிக்கக் கூடாது, காயவும் கூடாது என்று சொல்லித் தந்திருந்தார்கள். நான் சுடரைக் காட்டிக்கொண்டிருந்தபோது ஜன்னலில் ஒருவர் வந்து, ரிப்போர்ட் எப்போது கிடைக்கும் என்று கேட்டார். முன்பின் தெரியாதவர்களுடன் பேச எனக்குச் சொற்களைத் தேடி எடுக்க வேண்டும். தேடி எடுத்து, "நாளைக்கு" என்று சொல்லித் திரும்புவதற்குள் சாயம் கொதித்து, ஓரங்களில் காய்ந்தும் போயிருந்தது. மேலே இன்னும் கொஞ்சம் ஊற்றிச் சமாளித்தேன். நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால், எங்கு திருப்பினாலும் சிவப்பு. நீலத்தைத் தேட வேண்டியிருந்தது. 'மூன்று ப்ளஸ்' என்று எழுதினேன். கிருமி நிறைய இருந்தால் அப்படித்தான் எழுதுவோம். ஸ்லைடைத் தூக்கிக்கொண்டு குமுதினி மிஸ்ஸிடம் ஓடினேன்.

குமுதினி மிஸ்தான் எங்கள் ஆய்வுகூடத்துக்குப் பெரியவர். அவருடைய சிங்களம் வேகமானது; என்னுடையது பள்ளிக்கூடத்தில் படித்தது. அவர் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்து, தெளிவு பார்க்கும் திருகை ஒரு தடவை முன்னும் பின்னும் அசைத்தார். சிவப்பெல்லாம் சளிக்கு மேலே, வேறொரு மட்டத்தில் மிதந்தது. கூர்மையான முனைகள், கறுத்த சிவப்பு. காய்ந்த சாயத்தின் துகள்கள். அந்த ஸ்லைடின் சொந்தக்காரர் அப்போது வெளியே வாங்குப் பலகையில் இருந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். நான் எழுதியது அப்படியே டொக்டரிடம் போயிருந்தால் அவர் ஆறு மாதம் மாத்திரை விழுங்கியிருப்பார், வேலைத்தலத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் கதிரையைத் தள்ளிப் போட்டிருப்பார்கள். மிஸ் என்னைத் திட்டவில்லை. தங்கச்சி என்பதற்கான சிங்களச் சொல்லோடு மெதுவாகத் தொடங்கினார்: "நங்கி, இவ்வளவும் கிருமி என்றால் அந்த மனுஷன் படியேறி வந்திருக்க மாட்டார், நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள்."

நகைக்கடைப் பை

சாயத்தை விடக் கஷ்டமானது சளி வாங்குவது. நிறையப் பேர் எச்சிலைத் துப்பித் தந்துவிட்டுப் போய்விடுவார்கள். எச்சிலில் எவ்வளவு நல்ல சாயம் போட்டாலும் ஒன்றும் தெரியாது. மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுக்க வேண்டும் என்று விளங்கப்படுத்த வேண்டும். எனக்கு வார்த்தை வராததால் கட்டடத்துக்குப் பின்னால் வெளிச்சமும் காற்றும் உள்ள முற்றத்தில் நின்று இருமியே காட்டுவேன். உதவியாளர் பீற்றர் அண்ணன் அந்த நேரம் பார்த்து வாளியோடு அந்தப் பக்கம் வருவார். "மிஸ்ஸுக்குத்தான் முதல்ல டெஸ்ட் எடுக்கணும் போல," என்று வந்தவர்களைச் சிரிக்க வைத்துவிட்டுப் போவார்.

ஒருநாள் அப்படி இருமிக் காட்டி முடித்துத் தலையை நிமிர்த்தினால், எதிரே கறுப்புக் கண்ணாடி, விரித்த குடை, மாஸ்க். கையில் செட்டியார்தெரு நகைக்கடை ஒன்றின் வெல்வெட் பை. பையைத் திறந்தால் உள்ளே, மூன்று சுற்று டிஷ்யூவுக்கு நடுவே, நாங்கள் கொடுத்த சளிக் குப்பி. முகம் தெரியாவிட்டாலும் வளையல் தெரிந்தது. வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்ஸின் நாலாம் மாடி அன்ரி. என் அம்மா அங்கே எல்லோரிடமும் நான் 'ரத்தம் சோதிக்கிற இடத்தில்' வேலை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார். கல்யாணம் பேசுகிற வயதில் மகள் எந்தக் கிருமியோடு பழகுகிறாள் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அன்ரியின் ஸ்லைடில் ஒன்றுமில்லை. இரண்டு நாள் கழித்து லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும். இருவரும் கதவுக்கு மேலே மாறிக்கொண்டிருந்த இலக்கத்தையே பார்த்தோம். நாலு வந்தது. இறங்கப் போனவர் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு திரும்பினார்: "பிள்ளை, நீர் என்னை அங்கை காணேல்லை, நானும் உம்மை ரத்தம் சோதிக்கிற இடத்திலைதான் கண்டனான்."

இன்னும் கொஞ்சம்

அந்த மூன்று ப்ளஸுக்குப் பிறகு என் கைக்கு இரண்டு புதுப் பழக்கங்கள் வந்தன. வந்ததை நான் கவனிக்கவில்லை. முதலாவது, ஆவியின் முதல் நூல் எழும்போதே சுடரை வெடுக்கென்று எடுத்துவிடுவேன். கொதித்துவிடும் என்ற பயம். இரண்டாவது, அமிலம். மூன்று நிமிடம் என்பது கணக்கு. மூன்று நிமிடம் முடிந்து கழுவும் தண்ணீரில் மெல்லிய ரோஸ் நிறம் தெரிந்தால் மனம் கேட்காது. இன்னும் கொஞ்சம் விடுவேன். பிறகு இன்னும் கொஞ்சம். தப்பித்தவறி மிஞ்சுகிற ஒரு துளி சிவப்பு யாரோ ஒருவரை நோயாளியாக்கிவிடுமே என்று, தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடும்வரை விடுவேன். பூட்டை இழுத்துப் பார்ப்பவர்களுக்கு இது விளங்கும். இழுக்க இழுக்கப் பூட்டு பலப்படுகிறது என்றுதானே நினைக்கிறோம்.

என் ஸ்லைடுகள் சலவைக்குப் போட்டெடுத்த மாதிரி வந்தன. பளிச்சென்ற நீலம், ஒரு கறை இல்லை. கிருமி தெரிந்தவற்றிலும் குச்சிகள் சிவப்பாக இல்லாமல் இளம் ரோஸாக, சில இடங்களில் அறுந்த புள்ளிகளாகத் தெரிந்தன. இந்தக் கிருமி சிலவேளை மணி கோத்த மாதிரி தெரியும் என்று படித்திருந்தேன். அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் கிருமி நிறைந்த ஒரு ஸ்லைடையும் சேர்த்துச் சாயம் போட்டு, சாயம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் ரோஸ்தான். தெரிகிறதா, தெரிகிறது என்று சரி போட்டேன். ஒருநாள் பின்னேரத் தேநீருக்கு முன் குமுதினி மிஸ் என் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் சொன்னதை அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தேன்: "நங்கி, இவ்வளவு சுத்தமான ஸ்லைட் இந்த ஆய்வுகூடத்தில் நான் கண்டதே இல்லை."

கொலன்னாவையில் ஒரு குழந்தை

அவரைச் செபஸ்டியன் என்று எழுதுகிறேன். உண்மைப் பெயர் அதுவல்ல. துறைமுகத்தில் வேலை. ஒரு மாதத்துக்கு மேலாக இருமல், மெலிவு. எக்ஸ்ரே இதுவுமில்லை அதுவுமில்லை என்று நின்றது. அவருக்கு இரண்டு மாதப் பெண் குழந்தை. சளிப் பரிசோதனை முடிவு வரும்வரை குழந்தைக்குக் கிட்டப் போகக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்ததால், கொலன்னாவையில் மனைவியின் தாய் வீட்டில் விட்டிருந்தார்கள். மனைவி ரீற்றா பகலில் அங்கே போய்ப் பொழுதுபட வருவாராம். "நான் ஃபோன்லதான் மிஸ் மொகம் பாக்குறேன்," என்று ஜன்னலில் சொன்னார். "அது ஃபோனத்தான் அப்பான்னு நெனச்சிருக்கும்." சளிக் குப்பியை இரண்டு கையாலும் பிடித்து, ஏதோ காணிக்கை மாதிரித் தந்தார். அடுத்த நாள் விடிய எடுத்த சளியையும் கொண்டுவந்தார்.

இரண்டு ஸ்லைடையும் நான்தான் சாயம் போட்டேன், நான்தான் பார்த்தேன். வரிசை வரிசையாக, பார்க்க வேண்டிய அளவு முழுவதும் பார்த்தேன். இரண்டாவதில் ஒரு மூலையில் மெல்லிய ரோஸ் நூல் ஒன்று தெரிந்த மாதிரி இருந்தது. திருகை அசைத்தேன், மங்கியது. திரும்ப அசைத்தேன், இருக்கிறது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். 'நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள்' என்ற குரல் காதில் கேட்டது. மிஸ்ஸைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். இரண்டாம் முறையும் சாயத்தைக் காட்டிக் கிருமி என்று சொன்னவளாக நிற்க வெட்கமாக இருந்தது. 'கிருமி இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். டொக்டரைப் பார்த்துவிட்டுச் செபஸ்டியன் நேரே என் ஜன்னலுக்கு வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு, நடுவில் ஒரு இருமல். "மிஸ், வர்ற ஞாயித்துக்கெழம மகளுக்கு ஞானஸ்நானம், இனிப் பயமில்லாம நானே தூக்கிட்டுப் போவேன்."

திரைக்குப் பின்னால்

அடுத்த வாரம் எங்களுக்குப் புது நுணுக்குக்காட்டி வந்தது. இதில் கிருமி சிவப்பாகத் தெரியாது, ஒளிரும். மஞ்சள் சாயம் ஒன்று போட்டு, மெல்லிய அமிலத்தால் கழுவி, பின்னணியைக் கறுப்பாக்கினால், இருட்டில் பச்சை கலந்த மஞ்சளாய் மின்னும். இதற்குச் சுடர் தேவையில்லை. பழகிப் பார்ப்பதற்காக, வருகிற ஒவ்வொரு சளியிலும் சாயம் போடாத மேலதிக ஸ்லைட் ஒன்றைப் பெட்டியில் சேர்த்து வைக்கும்படி மிஸ் முன்பே சொல்லியிருந்தார். அந்தப் பெட்டியை எடுத்து, மிஸ் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, முதல் தொகுதிக்குச் சாயம் போட்டோம். "போதும், கழுவு" என்று அவர் சொன்ன நொடியில் கழுவினேன். அவர் ஒரு கூட்டத்துக்குப் போய்விட, நான் மூலையில் கட்டியிருந்த கறுப்புத் திரைக்குள் போனேன்.

முதல் சில ஸ்லைடுகள் வெறும் இருட்டு. அடுத்ததில், ஓரத்தில் ஒரு குச்சி. பிறகு இரண்டு சேர்ந்து. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதிகமில்லை, ஆனால் ஊசி முனையால் கீறிய மாதிரி அவ்வளவு தெளிவு. அழகாக இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு இலக்கத்தைப் பார்த்தேன். பார்க்காமலே தெரிந்திருக்க வேண்டிய இலக்கம். செபஸ்டியனின் காலைச் சளி. தூசியும் சிலநேரம் ஒளிரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூசி இப்படி ஒரே பருமனில், ஒரே மாதிரி லேசாக வளைந்து கிடக்காது என்பதும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை எப்போது போனது என்று விரல் விட்டு எண்ணினேன். போய் மூன்று நாள். பிளேன்டீயோடு வந்த பீற்றர் அண்ணன் திரையை விலக்கி என் முகத்தைப் பார்த்தார்: "என்ன தங்கச்சி, உள்ளுக்குப் பேயக் கண்டீங்களா?"

பழைய ஸ்லைட்

உண்மையைச் சொல்ல வேண்டும். உடனே போய்ச் சொல்லவில்லை. அந்தப் பிளேன்டீ ஆறும்வரை, சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பழகுவதற்கு எடுத்த ஸ்லைட்தானே. எந்தப் பதிவிலும் இல்லை. மிஸ்ஸும் கேட்கப் போவதில்லை. பிறகு, ஃபோனை அப்பா என்று நினைத்திருக்கும் குழந்தையை நினைத்தேன்.

பார்த்து முடித்த ஸ்லைடுகளை நாங்கள் எறிவதில்லை. வெளி ஆய்வுகூடம் ஒன்று சிலவற்றை எடுத்து மறுபடி பார்க்கும் என்பதால் பெட்டியில் வைத்திருப்போம். செபஸ்டியனின் இரண்டாவது ஸ்லைடைத் தேடி எடுத்தேன். அதே பளிச்சென்ற நீலம். நுணுக்குக்காட்டியில் பார்ப்பதற்காக விட்ட எண்ணெயைத் துடைத்து, சிவப்புச் சாயத்தைத் திரும்ப ஊற்றி, சுடரைக் காட்டினேன். ஆவியின் முதல் நூல் எழுந்தது, கை சுடரை எடுக்கப் பார்த்தது, விடவில்லை. ஸ்லைட் முழுவதும் ஆவி எழுந்த பிறகுதான் எடுத்தேன். அப்படி மூன்று தடவை. அமிலம் மூன்று நிமிடம், மணிக்கூட்டைப் பார்த்து. கழுவிய தண்ணீரில் இளம் ரோஸ் இருந்தது. 'இன்னும் கொஞ்சம்' என்றது மனம். வலது கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, இடது கையால் நீலச் சாயத்தை ஊற்றினேன். காய்ந்ததும் பார்த்தேன். நீலத்துக்கு நடுவே, சளிக்கு உள்ளே, சிவப்புக் குச்சிகள். ஒன்று, அப்பால் இரண்டு, இன்னும் தள்ளி ஒன்று. கிருமி எங்கும் போயிருக்கவில்லை. அது இருந்த இடத்திலேயேதான் இருந்தது. நான்தான் அதற்கு நிறத்தை ஏற்றாமல், ஏறிய கொஞ்சத்தையும் கழுவி விட்டிருந்தேன்.

மிஸ் வந்ததும் இரண்டு ஸ்லைடையும் அவருடைய மேசையில் வைத்தேன். சிங்களமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. அவர் பார்த்தார், திரைக்குள் போய்ப் பார்த்தார், வந்து அமர்ந்தார். முன்பு எப்படிச் சாயம் போட்டாய் என்று கேட்டார். சூடு குறைவு, அமிலம் அதிகம் என்றேன். ஏன் என்றார். "சிவப்பு மிஞ்சிவிடும் என்று பயம், மிஸ்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். செபஸ்டியனின் ஃபோன் அணைந்திருந்தது. வீடுகளுக்குப் போகிற அதிகாரி அன்று நகரத்தின் மறுபக்கத்தில் இருந்தார். மிஸ் எழுந்து ஸ்லைடுகளைக் கையில் எடுத்தார்: "இதைச் சுத்தம் என்று மெச்சினவள் நான், அதனால் டொக்டரிடம் நான் போகிறேன், அந்த வீட்டுக்கு நீ போ."

கொடியில் காய்ந்த சட்டை

பீற்றர் அண்ணனும் செபஸ்டியன் போகிற மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர். அந்த வீடு இருக்கிற குறுகிய ஒழுங்கை அவருக்குத் தெரியும். அவர் முன்னால் நடக்க, நான் பின்னால் வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு போனேன். மத்தியான வெயில். 'வணக்கம், நான் கிளினிக்கிலிருந்து வருகிறேன்' என்று தொடங்கி, 'ஒரு சிறு திருத்தம்' என்று போய், 'பதற்றப்பட வேண்டாம்' என்று முடியும் வசனம். சந்திக்குச் சந்தி அது நீண்டுகொண்டே போனது. கடைசி வளைவில், வாசலுக்கு மேலே கட்டியிருந்த கொடியில் சின்னஞ்சிறிய வெள்ளைச் சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. கழுத்தில் லேஸ் வைத்தது. ஞானஸ்நானச் சட்டை. அத்தோடு வசனம் முழுவதும் மறந்துபோனது.

ரீற்றா கதவைத் திறந்தார். என்னை விட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். புறப்படத் தயாராகத் தோளில் பை.

"பிள்ளை எங்கை?" என்றேன். அதுதான் வந்தது.

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "நீங்க யாரு?"

"ரீற்றா, இவங்க கிளினிக் மிஸ். சளி டெஸ்ட் பாக்குறவங்க," என்றார் பீற்றர் அண்ணன். பிறகு, நான் எதிர்பார்க்காதபடி, இரண்டு எட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"உங்கட அவருக்கு வருத்தம் இருக்கு. இல்லையெண்டு நான் பிழையா எழுதிப்போட்டன். என்ர பிழைதான். மருந்து தொடங்கவேணும். பிள்ளையையும் டொக்டர் பார்க்கவேணும்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஞாயித்துக்கெழம காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் அவருதான் வச்சிருந்தாரு. யாருக்கும் குடுக்கல," என்றார். "அன்னைக்கே நான் திருப்பி அம்மா வீட்டுல கொண்டு போய் விட்டுட்டேன். அதுக்கு மூணு நாளா எங்கூட மூஞ்சி குடுத்துப் பேசல."

"ஏன் திருப்பிக் கொண்டுபோனீங்கள்?"

கொடியிலிருந்த சட்டையை எட்டி எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தபடி சொன்னார்: "உங்க பேப்பர்ல இல்லன்னு இருந்துச்சு மிஸ், ஆனா அவரு இருமுறது பேப்பருக்குக் கேக்காதே, எனக்குத்தானே கேக்குது."

ஜன்னலில் ஒரு கேள்வி

செபஸ்டியனிடம் புதிதாகச் சளி எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் கருவிக்கு அனுப்பினோம். அதுவும் 'உண்டு' என்றது. அடுத்த நாளே மாத்திரை தொடங்கியது. குழந்தையைப் பரிசோதித்தார்கள், நோய் பிடித்திருக்கவில்லை. வராமல் தடுக்கும் மருந்தைத் தொடங்கினார்கள். அதைக் கரைத்து ஊட்டும்போது குழந்தை கத்துகிற கத்தல் இரண்டு கட்டடம் தள்ளிக் கேட்கும் என்று ரீற்றா கிளினிக்கில் சொன்னாராம். அதைக் கேட்டு நான் மட்டும்தான் சந்தோஷப்பட்டிருப்பேன். அந்த வாரங்களில் நான் 'கிருமி இல்லை' என்று எழுதிய அத்தனை ஸ்லைடையும் மிஸ் திரும்பச் சாயம் போட வைத்தார். நாலாம் மாடி அன்ரியினுடையதைப் பார்த்த நேரம் மூச்சையே விடவில்லை. மற்றவை எல்லாம் நீலமாகவே நின்றன. கிருமி நிறைய இருந்தவர்களுடையது ரோஸாகவாவது தெரிந்துவிட்டது. கொஞ்சமாக இருந்த ஒரே ஒருவருடையதைத்தான் நான் கழுவியிருந்தேன். இப்போது தினமும் போடும் அந்தச் சோதனை ஸ்லைட் ரோஸாக வந்தால் தொகுதி முழுவதையும் முதலிலிருந்து செய்கிறேன். அமிலத்துக்கு அலறும் மணிக்கூடு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அது அலறும்போது பீற்றர் அண்ணன் ஒவ்வொரு முறையும் நெஞ்சில் சிலுவை போடுகிறார்.

இரண்டு மாதம் மாத்திரை முடிந்ததும், மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கச் செபஸ்டியனின் சளி மறுபடி வந்தது. சூடு சரி, நேரம் சரி, சோதனை ஸ்லைட் நல்ல சிவப்பு. அவருடையதில் ஒன்றுமில்லை. புது நுணுக்குக்காட்டியில் பார்த்தேன், இருட்டு. மிஸ்ஸைக் கூப்பிட்டேன்; அவரும் இல்லை என்றார். பேனையை எடுத்தேன். முன்பு எழுதிய அதே இரண்டு சொற்களைத்தான் இப்போதும் எழுத வேண்டும். எழுதினேன். இந்த இரண்டு மாதத்தில் மாத்திரைக்கு வரும்போதெல்லாம் செபஸ்டியன் என் ஜன்னலைத் தாண்டிப் போவார். தலையை மட்டும் அசைப்பார். நான் கிருமியின் நிறத்தைக் கழுவி விட்டதை டொக்டர் அவரிடம் சொல்லியிருந்தார்; அந்தப் பிழையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அன்று நின்றார். கன்னம் நிரம்பியிருந்தது. சட்டையின் தோளில் குழந்தை பால் கக்கிய வெள்ளைக் கறை. ரிப்போர்ட்டை வாங்கி, வாசித்து, மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்குள் குனிந்தார்: "மிஸ், இந்தத் தடவ நெசமாவே இல்லையா, இல்ல நீங்க கழுவிட்டீங்களா?"

கிருமி தெரிந்தால் ஒரு பயம், தெரியாவிட்டால் அதைவிடப் பெரிய பயம், இரண்டுக்கும் சேர்த்து இவர்கள் எனக்குத் தருவது ஒரே சம்பளம்தான்.